ஆற்றுப் பாலத்து பஸ்ஸும் சந்தனப் பொட்டும்

அன்று என் கடையில் இருந்தவர்கள்: நான்; என் வீட்டுக்காரர் (சீவலப்பேரி டவுன் பஸ் ஓட்டுகிறவர், அன்று அவருக்கு லீவு); டீச்சர் (கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர்); டீச்சரின் தம்பி (தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குத் தாள்கள் பார்க்கிறவர்); பழைய இரும்புக்கடை அண்ணாச்சி, தராசோடு. மொத்தம் ஐந்து பேர். பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

இப்படி எழுதி வைப்பது என் பழக்கம். பல வருடத்துக்கு முன்னால் ஒருவர் மிக்ஸி கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த செம்புக் கம்பியை நான் உருவிவிட்டதாகத் தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். அன்றிலிருந்து யாருடைய பொருளைத் திறந்தாலும் பக்கத்தில் இருக்கிறவர்களை நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஸ்குரூ கழற்றுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஸ்டெபிலைசர் செய்கிற இடத்தில் காயில் சுற்றப் போய், அங்கே ஈயப் பற்றவைப்பு கற்று, இப்போது பாளையங்கோட்டையில் டிவி, ரிமோட், செட்டாப் பாக்ஸ் பழுது பார்க்கிறேன். படித்திருந்தால் இவ்வளவு பயம் இருக்காதோ என்று நினைப்பேன். பிறகு படித்தவர்களைப் பார்த்துவிட்டு அந்த நினைப்பை விட்டுவிடுவேன். என் மேசைக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி மணல் இருக்கும், தீப்பிடித்தால் கொட்ட. இதுவரை ஒரு தடவைகூடக் கொட்டவில்லை. ஆனால் வாரம் ஒரு முறை மணலை மாற்றுவேன்.

டீச்சர் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று. மேலே வரிசையாக ரப்பர் பொத்தான்கள். ரிமோட்டுக்குப் பெரியம்மா மாதிரி இருந்தது.

"இது கம்ப்யூட்டர் தாயி" என்றார்.

"மிச்சம் எங்க டீச்சர்?"

"மிச்சம் கிடையாது. இவ்வளவுதான். வீட்டு டிவியில மாட்டணும். புரோகிராம் எல்லாம் கேசட்டுல."

எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர் மூலம் அவருடைய அப்பா வாங்கியது. ஸ்ரீவைகுண்டத்து வீட்டில், ஒரு கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டி, காலேஜில் கணக்குப் படித்துக்கொண்டிருந்த டீச்சர் அதில் ஒரு விளையாட்டு எழுதினார். ஜங்ஷனிலிருந்து ஒரு டவுன் பஸ் கிளம்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, எருமை, சைக்கிள் எதிலும் மோதாமல் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். மோதினால் பஸ் ஆற்றில் விழும்.

சங்கதி அதுவல்ல. அந்த விளையாட்டைத் தான் எழுதியதாகத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அப்பா அதை நம்பி ஊரெல்லாம் சொன்னார். அப்பா சொன்னதைச் சொந்தக்காரர்கள் நம்பினார்கள். தூத்துக்குடியில் முதல் வேலைக்குப் போனபோது, "பையன் சின்ன வயசிலேயே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருக்கான்" என்றுதான் சேர்த்தார்களாம். இன்றுவரைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் "பஸ் விளையாட்டு எழுதுனது இவன்தான்" என்று அவருக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொல்வார். பக்கத்து இலையில் டீச்சர் உட்கார்ந்து ரசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"முப்பத்தெட்டு வருசமா அந்த ஜாங்கிரி எனக்கு வரவேண்டியது" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை, எனக்குப் புரிந்தது.

யார் எழுதியது என்பது விளையாட்டுக்கு உள்ளேயே இருக்கிறதாம். டிவியில் வந்தால் தெரிந்துவிடும். ஆனால் ஸ்ரீவைகுண்டத்து வீட்டைக் காலி செய்யும்போது தம்பி அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார். டீச்சர் சாக்கிலிருந்து எடுத்துவந்துவிட்டார். அதன்பின் இருவருக்கும் போனிலேயே ஒப்பந்தம் ஆனது. ஒரு நாள் குறித்து, தம்பி முன்னால் அதை ஓடவிட வேண்டும். ஓடாவிட்டால் அன்றைக்கே அண்ணாச்சி தராசில் வைத்துவிடுவது, அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது. ஓடி, எழுதியது அக்காதான் என்று தெரிந்தால், செலவு மொத்தமும் தம்பியுடையது.

ஆக, டீச்சருடைய முப்பத்தெட்டு வருடமும் என் பற்றவைப்பு ஊசி முனையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த இரண்டு மாதமும் வாளி மணலை வாரம் இரண்டு முறை மாற்றினேன்.

திறந்து பார்த்ததில் மூளை நன்றாக இருந்தது. டிவிக்குப் படம் அனுப்புகிற பகுதிதான் செத்துக் கிடந்தது. உயிரோடு இருந்தாலும் இப்போதைய டிவிகளுக்கு அந்தக் காலத்து ஆன்டெனா சங்கதி புரியாது. தேடிப்பார்த்ததில், வெளிநாட்டில் ஒருவர் தன் வீட்டு மேசையிலேயே ஒரு சின்னப் பலகை செய்து விற்கிறார் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள் தெரிகிற விளிம்பு இருக்கிறது. அதில் செருகிவிட்டால், பழைய மூளை என்ன வரைகிறது என்று பலகையில் உள்ள புது சிப்பு எட்டிப் பார்த்து, புது டிவிக்குப் புரிகிற மாதிரி சுத்தமாகத் திருப்பி வரையும். மூளைக்கு எதுவும் தெரியாது. தான் இன்னும் எண்பதுகளில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

அந்த வெளிநாட்டுக்காரருக்கு நான் தமிழில் எழுத, போனே மொழிபெயர்த்து அனுப்பியது. பதினோரு கேள்வி கேட்டேன். அதில் நான்கு, தீப்பிடிக்குமா என்பதுதான், வேறு வேறு மாதிரி. அவர் பதில் தமிழாகி வந்தது: "மதிப்பிற்குரிய ஐயா, இது ஐந்து வோல்ட் மட்டுமே. தயவுசெய்து உறங்கச் செல்லுங்கள்." அங்கிருந்தே என் முகம் அவருக்குத் தெரிந்துவிட்டது போல.

பலகை வந்தது. நெருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. விலை, தபால், சுங்கம் எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு. பொத்தான்களுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் தாள் நொறுங்கிப் போயிருந்ததால் அதற்கும் புதிது வாங்கினேன்.

குறித்த நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். தம்பி நல்ல உற்சாகத்தில் இருந்தார். வரும்போதே அண்ணாச்சிக்கும் சேர்த்து வடை வாங்கி வந்தார்.

"அண்ணாச்சி, தராசு சரியா இருக்கா? முள்ளு நடுவுல நிக்குதா?"

"எந் தராச எதுக்கு வே சொல்லுதீரு? இது ஒரு கிலோகூடத் தேறாது. இதுக்கு நான் சைக்கிள்ல வந்ததே நட்டம்."

"எலே, வடையத் தின்னுட்டு வாயப் பொத்து" என்றார் டீச்சர் தம்பியிடம். தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயது.

நான் நோட்டில் ஐந்து பேரையும் எழுதினேன். பலகையைச் செருகினேன். ஒயரை டிவியில் மாட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் கேட்காமலே மணல் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் கற்றுக்கொண்டது அது. சுவிட்சைப் போட்டேன்.

டிவி முழுக்கக் கோடு. மேலிருந்து கீழே, கம்பி ஜன்னல் மாதிரி. நடுநடுவே கோணல்மாணலாகக் கட்டங்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, ஒரு வாடை கிளம்பியது. நாலாயிரத்து இருநூறு, டீச்சருடைய முப்பத்தெட்டு வருடம், எல்லாம் சேர்ந்து கருகுகிறது. பிளக்கை உருவினேன்.

"மணலைக் கொட்டவாட்டி?" என்றார் வீட்டுக்காரர்.

"இருங்க. கொட்டிராதீங்க."

தம்பி தராசை காலால் மெதுவாக முன்னால் தள்ளினார்.

அப்போது அண்ணாச்சி எழுந்து வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் குனிந்து மூக்கை வைத்தார். பழைய சாமான் எடுக்கிறவருக்கு மூக்குதான் மூலதனம் என்பார் அவர்.

"இது கருகுன வாடை இல்ல" என்றார். "கோயில் வாடை."

எல்லோரும் மோந்து பார்த்தோம். சந்தனம்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா" என்றார்.

அவர்களுடைய அம்மா, ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள எதையும் விடமாட்டார். அரிவாள்மனை, தையல் மெஷின், சைக்கிள், எல்லாவற்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். டிவி விற்றுப் போய், கம்ப்யூட்டர் பீரோவுக்குள் போன பிறகும், அம்மா இருந்தவரைக்கும் ஒவ்வொரு வருடமும் அதை எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். அம்மாவுக்குப் பிறகு தம்பி மனைவி வைத்திருக்கிறார். மேலே முழுக்கப் பொத்தான், பொட்டு வைக்க இடம் இல்லை. பின்னால் திருப்பினால் தங்கப் பற்கள். தங்கம் மின்னுகிற இடம்தான் முகம் என்று அம்மா முடிவு கட்டியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாகப் பொட்டு மேல் பொட்டு. இந்தப் பலகையைச் செருகுகிற அதே விளிம்பில், அதனால்தான் பற்கள் சரியாகத் தொடாமல் டிவியில் கோடு. உள்ளே ரெகுலேட்டர் சூடானதும் சந்தனம் மணக்க ஆரம்பித்துவிட்டது.

நான் அதை முன்பே பார்த்தேன். அந்தக் காலத்துப் பசை, ஈரம் போகாமல் இருக்கப் பூசியது என்று நினைத்து விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், முதல் சுவிட்சு போடுகிறோமே என்று நானும் ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்து மேசைக்குப் பின்னால் வைத்திருந்தேன், புதுப் பலகைக்கு ஒரு பொட்டு வைக்க. கிண்ணத்தைக் காலால் மணல் வாளிக்குப் பின்னால் தள்ளினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். தலையை வேறு பக்கம் திருப்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

பென்சில் அழிக்கிற ரப்பர்தான் இதற்கு மருந்து. ஒரு பல், ஒரு பல்லாகத் தேய்த்தேன். சந்தனம் அடுக்கடுக்காக உதிர்ந்தது, நடுவில் சிவப்புக் கோடுகளாகக் குங்குமம், வெட்டிய மரத்தில் வளையம் தெரிகிற மாதிரி.

"எக்கா, இதுதான் எனக்குக் கல்யாணம் ஆன வருசம்" என்று தம்பி ஒரு துணுக்கைக் காட்டினார்.

"ஆமா. அந்த வருசம் குங்குமம் ஜாஸ்தி."

இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். அண்ணாச்சி உதிர்ந்த சந்தனத்தை ஒரு தாளில் கூட்டினார். எதற்கு என்று கேட்டால், "எடைக்கு இல்லம்மா" என்றார்.

ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததா என்று ஆறு தடவை பார்த்து, மறுபடி செருகி, சுவிட்சு போட்டேன். டிவி வெள்ளையானது. கீழே ஒரு வரி எழுத்து, ஊசியால் குத்தியது மாதிரி அவ்வளவு கூர்மை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது.

அடுத்தது கேசட். டேப் நைந்திருந்ததால் அதில் உள்ள சத்தத்தை முன்பே என் போனில் பிடித்து வைத்திருந்தேன். போனிலிருந்து ஒரு ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்தால் அது புரோகிராமாகப் புரிந்துகொள்ளும். ஐந்து நிமிடம் ஆகும். கொடுத்தேன். நான்கு நிமிடம் நன்றாகப் போனது. அப்போது என் போனில் ஒரு அழைப்பு வந்தது. இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஒரு பெண் குரல். கம்ப்யூட்டர் அவர் பேசியதையும் புரோகிராம் என்று நினைத்துக் கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு, தவறு என்று எழுதிவிட்டு நின்றது.

"இன்ஷூரன்ஸ்னா யாருக்குமே புரியாதுல்லா" என்றார் அண்ணாச்சி.

போனை விமானத்தில் போகும்போது செய்கிற மாதிரி அழைப்பு வராதபடி மாற்றி வைத்து மறுபடி கொடுத்தேன். ஐந்து நிமிடம் யாரும் வடையைக்கூடத் தொடவில்லை. சத்தம் நின்றது.

டிவியில் ஆறு வந்தது. பாலம் வந்தது. பஸ் வந்தது. பஸ் ரோஸ் நிறம், ஆறு பச்சை.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் பஸ்ஸுக்குச் சிவப்புன்னுல்லா நெனச்சேன். கலர் நம்பர மாத்திப் போட்டிருக்கேன். கறுப்பு வெள்ளை டிவில எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரிஞ்சிது." தான் எழுதிய நிறத்தை அவர் அன்றைக்குத்தான், அறுபது வயதில், முதலில் பார்க்கிறார்.

"ஆறு பச்சையா இருக்கு பாரு" என்றார் தம்பி. "தப்பு தப்பா எழுதிருக்கா."

சொன்ன பிறகுதான், எழுதினது அக்கா என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார்.

"தண்ணில அமலைச் செடி படர்ந்து மூடுனா நம்ம ஆறு பச்சைதான வே" என்றார் அண்ணாச்சி. "டீச்சரம்மா சரியாத்தான் எழுதியிருக்காவ."

"பேச்சு செல்லாது. எங்க அது? உள்ள இருக்குன்னியே, காட்டு" என்றார் தம்பி.

"பத்து டிரிப்பு மோதாம அடிக்கணும். அப்பத்தான் வரும்" என்றார் டீச்சர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பிதான் முதலில் உட்கார்ந்தார். கையை முறுக்கிக்கொண்டு, அழுத்தின அழுத்தில் பஸ் பாலத்தில் பறந்து, முதல் எருமையிலேயே மோதி ஆற்றுக்குள் போனது. மறுபடி. மறுபடி ஆற்றுக்குள். ஆறு தடவை. டீச்சர் உட்கார்ந்தார். மூன்று டிரிப்பு நன்றாகப் போனார், அப்புறம் விரல் ஒத்துழைக்கவில்லை. அண்ணாச்சி ஒரு தடவை, கிளம்பாமலே ஆற்றுக்குள். என்னைக் கேட்கவே இல்லை. கேட்டாலும் பயந்திருப்பேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி தராசைப் பார்க்கவில்லை, ஆனால் தராசு அங்கேயேதான் இருந்தது.

"நான் பாக்கட்டா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர், வாளியைக் கீழே வைத்துவிட்டு.

செருப்பைக் கழற்றினார், வண்டியில் ஏறும்போது செய்கிற மாதிரி. உட்கார்ந்து, பொத்தான்மேல் விரலை வைத்து, எருமை வந்ததும் நிறுத்தினார். போகட்டும் என்று காத்திருந்தார். சைக்கிள் வந்தது, நிறுத்தினார்.

"அண்ணே, அது விளையாட்டு. ஏன் பிரேக் போடுதிய?" என்றார் தம்பி.

"எருமை நிக்குதுல்லா. இடிச்சா யாரு மெமோ வாங்குறது?"

ஒரு டிரிப்பு. இரண்டு. ஐந்தாவதில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஏழாவதில் பாலத்து நடுவில் இரண்டு எருமை, எதிரே சைக்கிள், அவர் ரிவர்ஸ் எடுத்தார். ரிவர்ஸ் இருக்கிறது என்பதே தம்பிக்குத் தெரியாது. "ரிவர்ஸ் எங்க இருந்து வந்திது?" என்றார். "முதல்ல இருந்தே இருக்குலே" என்றார் டீச்சர். ஒன்பதாவதில் நான் மணல் வாளியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன், எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பத்தாவது டிரிப்பு, ரோஸ் நிற பஸ் பைய பைய வந்து பாளையங்கோட்டையில் நின்றது.

டிவி கறுத்தது. ஆங்கில எழுத்திலேயே தமிழ் வார்த்தைகளாக இரண்டு வரி வந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் சத்தமாகக் கூட்டிப் படித்தேன்:

இதை எழுதியது அக்கா.
தம்பி இதைப் பார்க்கவே மாட்டான்.

தம்பி டிவிக்குப் பக்கத்தில் போய், இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். "பாத்துட்டேன் எக்கா" என்றார்.

"முப்பத்தெட்டு வருசம் ஆயிருக்கு."

"நான் பத்து டிரிப்பு அடிக்க மாட்டேன்னு தெரிஞ்சேவா வச்சே?"

"ரெண்டே அடிக்க மாட்டேன்னு தெரியும். பத்து சும்மா பாதுகாப்புக்கு."

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். அப்புறம் கடையே சிரித்தது, தம்பியும், கண்ணைத் துடைத்துக்கொண்டே. டீக்கடைக்காரர் என்ன என்று கேட்டு அனுப்பினார், யாராலும் சொல்ல முடியவில்லை. அண்ணாச்சி தராசை மடக்கி, ஐந்து டீ தன் கணக்கில் சொன்னார். சந்தனத்தூள் தாளை டீச்சர் கையில் கொடுத்தார்.

பில் போட்டேன். பலகை நாலாயிரத்து இருநூறு, பொத்தான் தாள் எழுநூற்று ஐம்பது, என் கூலி ஆயிரத்து தொள்ளாயிரம். ஆறாயிரத்து எண்ணூற்று ஐம்பது. தம்பி அங்கேயே ஐந்தாயிரம் கொடுத்தார். மீதியைப் போனில் அனுப்ப எடுத்தபோது டீச்சர் கையைப் பிடித்தார்.

"மீதிய இப்ப வாங்காத தாயி. பந்தியில எல்லார் முன்னாடியும் இவன் சொல்லட்டும், யாரு எழுதுனதுன்னு. சொன்ன பெறவு வாங்கிக்க."

தம்பி சரி என்றார். அதன்பின் குடும்பத்தில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து முடிந்தது. ஒவ்வொன்றிலும் வாய் வரைக்கும் வந்ததாம், அப்போது யாராவது ஜாங்கிரி வைத்துவிடுகிறார்களாம். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் எனக்குப் பணம் வரும். நான் பயந்துகொண்டே டீச்சருக்குப் போன் செய்வேன். "சொல்லலையே" என்பார். திருப்பி அனுப்பிவிடுவேன். வாங்காத பணத்துக்கு யாராவது சண்டைக்கு வருவார்களோ என்று அதற்கும் ஒரு பக்கம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசியில் டீச்சருடைய சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுக்காரரையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், தம்பிக்கு எதிர் இலையில் சாட்சியாக உட்கார வேண்டுமாம். அதுவரை நோட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி வரி அப்படியேதான் இருக்கிறது: தம்பி, பாக்கி, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.